காங்கேசன்துறையில் ஒரு பகல்

முன்னாளில் நம்மவர் கப்பலேறியது பிழைப்பின் பொருட்டு. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உத்தியோகம் தேடிச் சென்ற யாழ்ப்பாணத்தார் எத்தனையோ பேர். அவர்களை வழியனுப்பிய வீட்டார், முதற் கடிதம் வந்து சேரும்வரை தெருப் படலையைப் பார்த்திருந்தனர். இன்றோ குடும்பமாகக் கூடி, கடலைக் காண்பதற்கென்றே கப்பலேறும் காலம் வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளை நாடி வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 14ஆந் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பற் சேவையும் தொடங்கிற்று. சில காலம் தடைப்பட்டு, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஆரம்பமாயிற்று.

உல்லாசக் கப்பலில் வருவோருக்கு ஒரு சங்கடம் உண்டு. கப்பல் ஒரு துறையில் தங்குவது ஒரு பகற்பொழுதே. அதற்குள் கரையிறங்கி, வாகனம் பிடித்து, ஊர் பார்த்து, உண்டு, களைப்பாறி, மீண்டும் கப்பலேற வேண்டும். கிழவரும் குழந்தைகளும் கூட வருவார்களாயின் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். காங்கேசன்துறை வீதியில், துறைமுகத்துக்கும் யாழ் நகருக்கும் நடுவே அமைந்த இணுவிலில் வாழ்பவன் என்ற உரிமையோடு, இக்கணக்கைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதத் துணிகின்றேன்.

கடிகாரமும் வாகனமும்

உதாரணமாகக் காலை எட்டு மணிக்குக் கப்பல் வந்து, மாலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறது என்று கொள்வோம். ஒன்பது மணி நேரம் கையில் இருப்பதாக எண்ணி மகிழ வேண்டாம். குடிவரவுச் சோதனை முடிந்து வெளிவர ஒரு மணி நேரம் கழியலாம். கப்பல் புறப்படுவதற்கு முன்பே பயணியர் அனைவரும் ஏறிவிட வேண்டுமென ஒரு நேரம் குறித்திருப்பார்கள். அதற்கும் ஒரு மணி முன்னதாகத் துறைக்குத் திரும்புவதே புத்தி. எஞ்சுவது ஆறு மணி நேரம். அதிலே மதிய உணவுக்கு ஒரு மணியைக் கழித்தால் ஐந்து.

கப்பற்காரரே ஒழுங்கு செய்யும் சுற்றுலாவிற் சென்று தாமதித்தால், அதற்குரிய பொறுப்பைப் பெரும்பாலும் அவர்களே ஏற்பர். நாமாக வாகனம் அமர்த்திச் சென்று தாமதித்தாலோ, கப்பல் நமக்காகக் காத்திராது. மத்தியதரைக் கடலின் துறைகளிலும் கரிபியன் தீவுகளிலும், ஓடிக் களைத்த குடும்பங்கள் கரையில் நின்று, தம் பெட்டி படுக்கைகளோடு கப்பல் நகர்வதைக் கண்ட கதைகள் பலவுண்டு. அடுத்த துறைக்குச் சொந்தச் செலவிற் போய்த்தான் அவர்கள் கப்பலைப் பிடிக்க வேண்டும். நமக்கு ஒரு சிறு வசதி: இந்தியாவின் கடிகாரமும் இலங்கையின் கடிகாரமும் ஒன்றே. நேரமாற்றத்தால் ஏமாறும் இடர் இங்கில்லை.

மேல்நாடுகளிலே துறைமுக வாயிலிற் காரை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிச் செல்வோர் அதிகம். இங்கு அது தக்கதன்று. வண்டிகள் இடப்புறமாகவே செல்வதால் தமிழகத்தாருக்கு வீதி புதிதாக இராது. ஆயினும் வெளிநாட்டு அனுமதிப் பத்திரத்துக்கு இலங்கையின் அங்கீகாரம் பெறவேண்டும். ஒரு பகலிற் கரையிறங்கி ஏறுபவர்க்கு அதற்கு நேரமேது? ஆகவே சாரதியோடு கூடிய காரையோ வானையோ அமர்த்துவதே முறை. நாம் இதனை ‘ஹயர்’ பிடித்தல் என்போம். புறப்படுமுன் மூன்றைப் பேசி முடிக்க வேண்டும். தூரத்துக்கு எவ்வளவு, காத்து நிற்கும் நேரத்துக்கு எவ்வளவு, திரும்பி வரவேண்டிய மணி எது என்பனவே அம்மூன்று. இரு நாட்டுப் பணத்துக்கும் ரூபாய் என்றே பெயர், பெறுமதியோ வேறு. எந்த நாட்டு ரூபாய் என்பதையும் தெளிவாகக் கேட்டுக்கொள்க.

யாழ்ப்பாணத்து வாடகைக் கார்களுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் முதலிய ஆங்கிலேய வண்டிகளே நெடுங்காலம் இங்கு ஆட்சி புரிந்தன. 1990களிற் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிட்டாதபோது, சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின் மண்ணெண்ணெயில் அவ்வண்டிகளை ஓட்டினர். நோயாளியும் மணமகளும் ஏறிச் சென்றது அந்தப் புகையின் நடுவேதான். அக்காலத்து வண்டிகள் சில இன்றும் கண்ணிற் படுவதுண்டு.

வீதி காட்டும் காட்சிகள்

காங்கேசன்துறை என்ற பெயரே ஒரு கதை சொல்லும். காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறை இது என்பது ஐதிகம். துறையிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் கீரிமலை. கடல் அலை மோதும் கரையிலேயே நன்னீர் ஊறிக் கேணியை நிறைக்கிறது. ஆடவருக்கும் பெண்டிருக்கும் தனித்தனிக் கேணிகள் உண்டு. குதிரை முகம் கொண்டிருந்த மாருதப்புரவீகவல்லி என்னும் அரசகுமாரி இங்கு நீராடி அம்முகம் நீங்கப் பெற்றாள் என்றும், மா விட்ட புரமாதலின் அயலூர் மாவிட்டபுரம் ஆயிற்று என்றும் கூறுவர். ஆடி அமாவாசையன்று தந்தையரை நினைந்து நீராட வரும் கூட்டம் பெரிது. அன்று வருவோர் நேரத்தை இரட்டிப்பாகக் கணக்கிடுக.

கடலோரத்தில் நன்னீர் எங்ஙனம் வந்தது? மாணவர்கள் இதனை அறிந்திருத்தல் நன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். மழைநீர் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. உவர்நீரைவிட நன்னீர் பாரங் குறைந்தது என்பதே இதன் இரகசியம். நாம் கிணற்றில் அள்ளுவதும் அந்நீரே. கரையை அடைந்து கீரிமலையில் ஊற்றாக வெளிப்படுவதும் அத்தகைய நிலத்தடி நீரே. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும்.

கீரிமலையிலிருந்து மாவிட்டபுரம் வந்து தெற்கே திரும்பினால், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், மருதனார்மடம், இணுவில், கொக்குவில் என்று ஊர்கள் கோத்த மணிபோல வரும். துறையிலிருந்து யாழ் நகர் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். வடபுறத்து ஊர்களிற் கூரையிழந்த சுவர்களும், அவற்றை ஊடுருவி வளர்ந்த மரங்களும் தென்படும். 1990இல் இம்மக்கள் இடம்பெயர்ந்தனர்; காணிகள் படிப்படியாகவே விடுவிக்கப்பட்டு வருகின்றன. அதே ஆண்டிலே நின்றுபோன புகையிரதம் 2015 ஜனவரியிற்றான் காங்கேசன்துறையை மீண்டும் எட்டியது. குழந்தைகள் காரணம் கேட்பார்கள். பெரியோர் மறைக்காது சொல்லுக.

மருதனார்மடத்திலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இற் பெண்களுக்கென நிறுவிய கல்லூரியைக் காணலாம். அடுத்தது எங்கள் இணுவில். செம்மண்ணும் கிணறும் சேர்ந்து ஈன்ற ஊர் இது. புகையிலையும் வெங்காயமும் மரக்கறியும் இம்மண்ணின் செல்வம். யாழ்ப்பாணத்து அரசர் பரராசசேகரன், செகராசசேகரன் என்னும் இரு பட்டப்பெயர்களை மாறி மாறிச் சூடினர். 1619இற் போர்த்துக்கேயர் கைப்பற்றிய அவ்வரசின் அவ்விரு பெயர்களையும் இன்றளவும் தாங்கி நிற்கும் இரு பிள்ளையார் கோயில்கள் இவ்வூரில் உள்ளன. கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சம் மரச்சிற்பத்தின் மாண்புக்கு ஓர் எடுத்துக்காட்டு. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தந்தையார் விசுவலிங்கம் இவ்வூர்த் தவில் வித்துவான். ஆலயங்களில் ஆடவர் மேலாடை களைந்தே உட்செல்ல வேண்டும். உச்சிப் பூசை முடிந்ததும் பெரும்பாலும் நடை சாத்திவிடுவார்கள். எனவே கோயில்களை முற்பகலிலேயே பார்க்குமாறு வழியை அமைத்துக்கொள்க.

ஆறுதலாகப் போதல்

என்னோடு கற்ற நண்பர் ஒருவர் கனடாவிற் குடியேறியவர். சென்னைக்கு வந்திருந்தவர், மனைவி மக்களோடும் எண்பது கடந்த தாயாரோடும் அக்கப்பலில் வந்தார். பிள்ளைகள் ஒரு பட்டியல் வைத்திருந்தனர். நல்லூர், ஒல்லாந்தர் கோட்டை, பொது நூலகம், நயினாதீவு எல்லாம் அதில் இருந்தன. கோட்டையும் நூலகமும் காணத்தக்கவையே. 1981இல் எரியுண்டு பின் மீண்டெழுந்த அந்நூலகத்தின் முன் நிற்பது எந்த மாணவனுக்கும் ஒரு பாடம். நயினாதீவுக்கோ யாழ் நகரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேற் சென்று, குறிகட்டுவானிற் படகேற வேண்டும். ஒரு பகலில் அது ஆகாது.

பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டிருந்த மூதாட்டி, சாரதியைப் பார்த்து, “தம்பி, ஆறுதலாப் போங்கோ. எல்லாத்தையும் பார்க்க நான் வரேல்லை. இணுவிலிலை ஒரு வளவைப் பார்த்தாற் போதும்” என்றார். “ஓமம்மா” என்று சாரதியும் வேகத்தைக் குறைத்தார். தமிழகத்தார்க்கு ஆறுதல் என்றால் துயர் தணிக்கும் சொல். எங்களுக்கோ ஆறுதலாக என்றால் மெதுவாக, அவசரமின்றி என்றும் பொருள்.

வழியில் நானும் ஏறிக்கொண்டேன். அமெரிக்க மிஷனார் நிறுவிய மக்ளியோட் ஆஸ்பத்திரியைக் கடந்தபோது, “நான் பிறந்தது இங்கைதான்” என்று அம்மையார் பேரனுக்குக் காட்டினார். வலிகாமத்துப் பழைய தலைமுறையினர் பலர் பிறந்த இடம் அது. பின்னர் ஓர் ஒழுங்கைக்குள் வண்டி நுழைந்தது. அவர் வளர்ந்த வீடு இல்லை. வேறொரு கல்வீடு நின்றது. அங்கிருந்த குடும்பத்தாருக்கு அவரைத் தெரியாது. ஆயினும் பாய் விரித்து, மோர் தந்து உபசரித்தார்கள். கிணறு மட்டும் பழையது. அம்மையார் அதன் கட்டைப் பிடித்து எட்டிப் பார்த்தார். துலாவில் அள்ளிய காலத்தைச் சொன்னார். வீட்டுக்காரப் பெண் ஒரு வாளி நீர் அள்ளிக் கொடுக்க, முகம் கழுவிக்கொண்டு சற்று நேரம் பேசாதிருந்தார். “அப்பம்மா, கீரிமலையிலை ஊறினதும் இந்தத் தண்ணியோ?” என்று பேரன் கேட்டான். “ஓமடா, எல்லாம் ஒரே நிலத்துத் தண்ணிதான்” என்றார் அவர்.

அன்று அவர்கள் கோட்டையைக் காணவில்லை, நூலகத்தையும் காணவில்லை. நல்லூர் நடை திறக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. மருதனார்மடத்துச் சந்தையிற் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கி, வேப்பமர நிழலில் வெட்டி உண்டார்கள். துறையை அடைந்தபோது கப்பலேறக் குறித்த நேரத்துக்கு இன்னும் ஒன்றரை மணி இருந்தது. பட்டியலில் எதுவும் நிறைவேறவில்லை என்று மூத்த பெண்பிள்ளை முதலிற் குறைபட்டாள். பின்னர் அவளே அந்தக் கிணற்றின் படத்தைத் தன் கைத்தொலைபேசியிற் பலமுறை பார்த்திருந்தாள் என்று நண்பர் எழுதினார்.

எல்லாருக்கும் இணுவிலில் ஒரு கிணறு இருக்குமா என்று வாசகர் கேட்கலாம். இராது. ஆயினும் கப்பலேறுமுன், குடும்பத்தில் மூத்தவர் எதைக் காண விரும்புகிறார் என்றும், இளையவர் எதைக் காண விரும்புகிறார் என்றும் கேட்டு, ஒவ்வொருவருக்கும் ஒன்றாகத் தேர்ந்து, இரண்டு அல்லது மூன்று இடங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். ஊர் அறிந்த சாரதியொருவரை அமர்த்தி, திரும்பும் மணியை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், கடிகாரத்தை அவர் பார்த்துக்கொள்வார். காங்கேசன்துறை வீதியில் வண்டி செல்லும்போது நீங்கள் சாளரத்தின் வெளியே பார்த்துக்கொண்டிருக்கலாம்.