முழங்கால் மட்டும் பனி

ஜனவரி 13, போகி

தாத்தாவின் டிரங்குப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடுவதற்காகக் காலி செய்து, உள்ளே இருந்த காகிதங்களைப் பாயோடும் துடைப்பத்தோடும் வாசலில் குவித்திருந்தார்கள். கொளுத்துவதற்குள் ஓடிப்போய்ப் பொறுக்கினேன். பட்டாளத்திலிருந்து விடுவித்த சான்று, மூன்று கடிதங்கள், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ரிப்பன் பட்டை. மெடல்களைப் பித்தளை என்று எப்போதோ பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டாயிற்றாம்.

குடியாத்தம் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் 'பட்டாளத்தார் வீடு' என்று பெயர். தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர் என்று கேட்டே வளர்ந்தோம்.

ஜனவரி 15

சான்றைப் படித்தேன். மதராஸ் சாப்பர்ஸ், பட்டாளத்தின் பொறியியல் பிரிவு. 1942இல் பெங்களூரில் சேர்ந்திருக்கிறார், 1946இல் வெளியே வந்திருக்கிறார். தகப்பன் பெயர், ஜாதி, தாலுகா, உயரம் எல்லாம் உண்டு. எந்த நாட்டில் சண்டை போட்டார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அடையாளம் என்ற இடத்தில் 'இடது புருவத்தில் தழும்பு'. வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அந்தத் தழும்பை வைத்துக்கொண்டு ஒரு முகத்தை நினைத்துப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 18

ரிப்பன் பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் துண்டு கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம்: 1939-45 ஸ்டார் மெடலுக்கானது. அடுத்ததில் நிறம் மங்கி அழுக்கேறியிருந்தது. ஓரத்து மடிப்பை நகத்தால் மெல்லப் பிரித்தேன். வெயில் படாத உள்பக்கத்தில் நிறம் அப்படியே இருந்தது. சிவப்பு, வெள்ளை, நடுவில் பச்சை, மறுபடி வெள்ளை, சிவப்பு.

பர்மா ஸ்டாரின் ரிப்பன் கருநீலம், ஆரஞ்சு, சிவப்பு. அதில் பச்சையே கிடையாது. இது இத்தாலி ஸ்டார். 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை இத்தாலிப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது.

கை நடுங்கியது. எண்பது வருஷமாக எங்கள் வீடு வேறொரு நாட்டைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஜனவரி 19

அப்புறம் கடிதங்கள். இருக்கிற இடத்தை எழுதக் கூடாது என்பது பட்டாளத்துச் சட்டம். ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரையிலும் எண்தான், ஊர் இல்லை. சென்சார்காரர் ஒரு சொல்லின்மேல் மை பூசியிருக்கிறார். அதற்கு அடுத்த வரி: "இங்கே பனி ரொம்ப. முழங்கால் மட்டும் இறங்குது. கால் மரத்துப் போகுது."

இந்த வரியைப் பாட்டிக்கு யாராவது படித்துக் காட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் பூசணிக் கொடியில் நிற்பதுதான். பனி பெய்யும் காடு என்றால் பர்மா என்று நினைத்திருப்பார்கள். 1942இல் ஜப்பான்காரனுக்குப் பயந்து பர்மாவிலிருந்து அசாம் வழியாக நடந்தே திரும்பியவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். அந்த நாளில் தூரதேசம் என்றாலே பர்மாதானே. முழங்கால் மட்டும் இறங்குகிற பனி எப்படிப்பட்டது என்று அவர்கள் யாரும் கண்டதில்லை.

பிப்ரவரி 2

இரண்டு வாரமாக இத்தாலிப் போரைத்தான் படிக்கிறேன். 1944 பிப்ரவரியில் நான்காவது இந்திய டிவிஷன் காசினோ மலையில் ஏறியது. பிப்ரவரி 15 அன்று மலைமேல் இருந்த மடாலயத்தைக் குண்டுபோட்டு இடித்தார்கள். கழுதைப் பாதை ஒன்றை டாங்கி ஏறும் அளவுக்கு இந்திய சாப்பர்களும் நியூசிலாந்துக்காரர்களும் சேர்ந்து வெட்டி அகலமாக்கினார்கள். அதே ஆண்டில் பக்கத்து மிக்னானோவில், காஞ்சிபுரம் வட்டாரத்து சுபேதார் சுப்பிரமணியன், தன் ஆட்களைக் காப்பாற்றக் கண்ணிவெடிமேல் விழுந்து உயிரை விட்டார். ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. அவரும் மதராஸ் சாப்பர். நம் பள்ளிப் புத்தகத்தில் இவர்களுக்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 9

அத்தையைப் பார்க்கப் போனேன். எண்பத்தைந்து வயசு. ரிப்பனைக் கையில் கொடுத்துச் சொன்னேன்.

"பர்மா இல்லையா?"

"இல்ல அத்தை, இத்தாலி. அங்க பனி கட்டியா விழும், அரிசி மாவு கொட்டின மாதிரி."

ரொம்ப நேரம் ரிப்பனையே தடவிக்கொண்டிருந்தார்.

"மார்கழி வந்தா நைனா எங்க யாரையும் வெறுங்காலோட வாசல்ல நிக்க உடமாட்டாரு. ராத்திரி எண்ணெயைச் சூடு பண்ணி, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதத்துல தேய்ச்சு, கம்பளியால சுத்திட்டுத்தான் படுப்பாரு. இந்த ஊர் குளிருக்கு எதுக்கு இத்தனைன்னு அம்மா திட்டும். பதிலே பேசமாட்டாரு."

சொல்லிக்கொண்டே, தன் இரண்டு பாதங்களையும் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.