போத்தலுக்குச் சட்டை

வைன் லேபலின் முதல் எதிரி தண்ணீர். ஐஸ் வாளியில் கிடந்தாலும் தாள் ஊறக்கூடாது, ஓரம் தூக்கக்கூடாது. அதற்கென்றே ஈரம் தாங்கும் தாள், அதற்கேற்ற பசை. குளிர்ந்த போத்தல் வியர்த்திருந்தால் சாதாரணப் பசை சரியாகப் பிடிக்காது. வாடிக்கையாளர் கண்ணுக்கோ தங்கப் பூச்சு மட்டும்தான் தெரியும்!

நிபோங் தெபாலில் பொறியியல் படித்துவிட்டு செமிலிங்கில் இந்தச் சின்ன அச்சகம் போட்டேன். "ஒங்க தாத்தா சம்சு குடிச்சே போனாரு. நீ போத்தலுக்குச் சட்ட தைக்கிறியா?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. மாதத் தவணையும் நியாயமானதுதான்.

1985 உணவு ஒழுங்குவிதிகளின்படி, மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு என்று லேபலில் மலாய் மொழியில் இருக்கவேண்டும். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த தாத்தா தமிழ் மட்டுமே வாசிப்பார். ஒவ்வொரு ரோலிலும் அந்த வரியைத்தான் முதலில் லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன்.