ஷில்லாங்: மழை, கிட்டார், காய்த்த விரல்கள்

ஷில்லாங்கில் மழைக்குக் குடை நமக்கு மட்டுமல்ல, கிட்டாருக்கும் வேண்டும். ஈரக்காற்றில் ஸ்டீல் கம்பிகள் சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

1972 முதல் பாப் டிலனின் பிறந்தநாளான மே 24-ல் லூ மஜா கச்சேரி நடத்திவரும் ஊர் இது. இங்கே லைதும்க்ராவின் மேட்டுத் தெருவில் ஒரு சின்ன அறை. எட்டு டீன்-ஏஜ் பிள்ளைகளுக்கு நான்கே கிட்டார்கள். கிட்டார் கையில் இல்லாதவர் கைதட்டித் தாளம் பிடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், தாளம் தவறினால் கார்டு தெரிந்து என்ன பயன்?

முதல் வாரம் ‘ஈ மைனர்’ மட்டும். இரண்டே விரல்கள் போதும். அடுத்து ‘ஜி’. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்குள் தாளம் ஓடிவிடுகிறது. அறை முழுக்கச் சிரிப்பு.

ஒரு பதினான்கு வயதுப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. சிவந்த விரல் நுனிகளைக் காட்டி, “இனிமே வரல, பா” என்றாள். காசி மொழியில் அண்ணன்களை மரியாதையாக அழைப்பது ‘பா’ என்றுதான்.

ஆசிரியர் தன் காய்த்துப்போன விரல்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். “தினம் பத்து நிமிஷம் போதும். சில வாரத்துல வலி போயிடும்.”

அடுத்த சனிக்கிழமை பேய்மழை. மூன்று பேர் வரவில்லை. அவள் வந்திருந்தாள். அன்றைக்கு ஒரு முழு கிட்டார் அவளுக்கே கிடைத்தது!