நிறம் இருக்கிறது, மணம் எங்கே?

வெள்ளவத்தைச் சந்தைக்குள் நுழைபவரை முதலில் வரவேற்பவை நிறங்களே. சிவந்த தக்காளி கோபுரம்போற் குவிந்திருக்கும். நுவரெலியாவிலிருந்து வந்த கரட்டும் பீற்றூட்டும் லீக்சும் ஒருபுறம். வடக்கிலிருந்து வந்த முருங்கைக்காயும் கத்தரிக்காயும் பனங்கிழங்கும் மறுபுறம். கடல் கடந்து வந்த அப்பிளும் தோடம்பழமும் மெருகிட்டாற்போல் மின்னும். இத்தனை செழிப்பை நம் பாட்டன்மார் ஒரே இடத்திற் கண்டதில்லை. பருவம் தப்பி மாம்பழம் கேட்டவனைப் பார்த்து அவர்கள் நகைத்திருப்பார்கள். இன்றோ கையிற் பணமிருந்தால் எந்த மாதத்திலும் எதுவும் வாங்கலாம்.

ஆயினும், வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்து இலையிற் பரிமாறும்போது ஒரு குறை தோன்றுகிறது. சொதியிலே தக்காளி மிதக்கிறது. தக்காளியின் புளிப்பும் மணமும் அதில் இல்லை. முன்னர் ஒரு பழத்தை அறையின் மூலையில் வைத்தால் வீடு முழுவதும் அதனை அறியும். இப்பொழுது மூக்கருகே பிடித்தாலும் அறிவதற்கில்லை. ‘இது முதியோர் வழக்கமாகப் பாடும் பல்லவி’ என்று இளைஞர் கூறக்கூடும். நாவுக்கும் வயதாகிறது, நினைவோ இல்லாத இனிமையையும் சேர்த்துச் சொல்லும். ஆதலின் இக்குறை மெய்யா மயக்கமா என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை.

பெயரிலே கொழும்பு

யாழ்ப்பாணத்து மாம்பழங்களுள் தலைசிறந்தது கறுத்தக் கொழும்பான். பெயரிலே கொழும்பைத் தாங்கியிருந்தும், அது செழித்து வளர்வது வடபுலத்தின் வெயிலிலும் கிணற்று நீரிலுமே. வெள்ளைக் கொழும்பான், அம்பலவி என்பன அதன் உறவினர். 1956 ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்னர், வைகாசி ஆனி மாதங்களில் வடக்கிலிருந்து வரும் உறவினர் கையில் ஒரு கடகம் மாம்பழம் இருப்பது வழக்கமாயிற்று. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரத்தை ஒரே பகலிற் கடந்து அது வெள்ளவத்தை வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. போரின் காரணமாக 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது; 2014 இலேதான் மீண்டும் அங்கு சென்றது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் கொழும்பில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அத்தலைமுறையினர் பலருக்குக் கறுத்தக் கொழும்பான் பாட்டி சொன்ன கதையாகவே இருந்தது.

இப்பழத்துக்கு ஒரு குணம் உண்டு. நன்கு பழுத்த பின்னரும் அதன் தோலின் பச்சை முற்றாக மாறுவதில்லை. உள்ளே செம்மஞ்சட் சதையும் தேனொத்த சாறும் இருக்க, வெளியே காய்போலத் தோன்றும். நிறத்தை மட்டும் பார்த்து வாங்குபவன் இதனைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் மஞ்சளாக மின்னுவதை எடுத்துச் செல்வான். மணந்து பார்ப்பவனுக்கே இதன் பெருமை விளங்கும்.

சந்தையில் யாழ்ப்பாணத்துப் பொருள் விற்கும் முதிய அம்மையார் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டோம். “இப்ப ஆர் ஐயா மணந்து வாங்கினம்? எல்லாரும் நிறத்தைப் பாத்துத்தான் எடுக்கினம். ஒரு கறுப்புப் புள்ளி இருந்தாலும் திருப்பி வைச்சிட்டுப் போயிடுவினம்” என்றார் அவர். நீண்ட ஆராய்ச்சிகள் கண்ட உண்மையின் பாதியை அவர் ஒரு மூச்சிற் சொல்லிவிட்டார்.

நம் முன்னோர் சுவையை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதற்குப் பெரியபுராணமே சான்று. காரைக்காலம்மையாரின் வாழ்வு திரும்பியது ஒரு மாங்கனியின் சுவையினாலன்றோ? முதற் கனியை உண்ட கணவன் பரமதத்தன், இறையருளாற் கிடைத்த இரண்டாவது கனியை உண்டதும், ‘இது முன்னையது போன்றதன்று’ என உடனே கண்டுகொண்டான். பரமதத்தன் இன்று நம் கடைகளில் இரு கனிகளை வாங்கி உண்டிருந்தால், வேறுபாடு காணாமலே எழுந்து கைகழுவியிருப்பான் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது.

கொட்டாஞ்சேனைப் பக்கம்

நகரின் மறுமுனையிலுள்ள கொட்டாஞ்சேனைக்கு வேறொரு வரலாறு உண்டு. கோயில் மணியும் தேவாலய மணியும் துறைமுகத்தின் ஊதொலியும் ஒருங்கே கேட்கும் இடம் அது. இங்குள்ள குடும்பங்கள் நெடுங்காலம் ஐந்துலாம்புச் சந்திக்கும், அதற்கப்பால் புறக்கோட்டை மனிங் சந்தைக்கும் நடந்தே சென்று, லொறியிலிருந்து இறங்கிய மரக்கறியை மூட்டையோரத்திலேயே பேரம் பேசி வாங்கின. பின்னர் மனிங் சந்தை களனி கங்கைக்கு அப்பால் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. நெரிசல் குறைந்தது நன்மையே. எனினும், மொத்தச் சந்தையின் வாசலில் வாழ்ந்தவர்கள் இப்பொழுது இன்னொரு கை மாறி வரும் பொருளையே பெரும்பாலும் வாங்குகின்றனர்.

அந்தப் பொருள் வந்த வழியையும் பார்ப்போம். தோட்டத்திலிருந்து, 1999 இல் தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் போன்ற இடத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 150 கிலோமீற்றர் ஓடிக் கொழும்பை அடைகிறது. பயணம் பெரும்பாலும் சாக்கிலே. ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய மூட்டைகளின் பாரத்தைக் கனிந்த தக்காளி தாங்குமா? தாங்காது. ஆகவே விவசாயி அதனைக் கனியுமுன்னரே பறிக்கிறான். அவ்வாறிருந்தும், இந்நாட்டின் பழமரக்கறிகளில் 30 முதல் 40 சதவீதம் வரை அறுவடைக்குப் பின்னர் வீணாவதாக மதிப்பிடப்படுகிறது. 2011 இன் இறுதியில் பிளாஸ்டிக் கூடைகளிலேயே ஏற்றவேண்டுமென்று அரசு விதித்தபோது, செலவு மிகும், லொறியில் இடம் குறையும் என விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்தனர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. விலை நிறைக்குக் கிடைக்கிறது. சுவைக்கு ஒரு சதமும் கிடைப்பதில்லை.

ஆராய்ச்சி கூறுவது

தக்காளியின் கதையை விஞ்ஞானிகள் விரிவாக ஆராய்ந்திருக்கின்றனர். பழைய தக்காளிகள் பழுக்குமுன் காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக இருக்கும். பார்வைக்கு இது அழகன்று எனக் கருதி, ஒரே சீராகச் சிவக்கும் இனங்களை விதை வளர்ப்போர் சுமார் எழுபது ஆண்டுகளாகத் தெரிந்தெடுத்து வந்தனர். அந்தச் சீரான நிறத்துக்குக் காரணமான மாற்றமே காயின் பச்சையத்தைக் குறைத்து, அதனால் பழத்தின் சர்க்கரையையும் குறைத்துவிட்டது என்பது 2012 இல் வெளியான ஆய்வினால் தெரியவந்தது. அழகுக்காக நாம் கொடுத்த விலை இனிமை! 2017 இல் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி கிளீயும் பிற நாட்டு அறிஞர்களும் 398 தக்காளி இனங்களை ஆராய்ந்தனர். மணத்தையும் சுவையையும் தரும் பொருள்கள் பல, இக்கால வாணிப இனங்களிற் பெரிதும் குன்றியிருப்பதை அவர்கள் கண்டனர். விளைச்சலையும் உறுதியையும் நோக்கித் தேர்ந்தெடுத்தவர்கள் சுவையைக் கெடுக்க எண்ணவில்லை. அதனை எண்ணிப் பார்க்கவேயில்லை.

சத்தும் இதற்கு விலக்கன்று. டெக்சாஸ் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் 43 தோட்டப் பயிர்களின் 1950 ஆம், 1999 ஆம் ஆண்டு அட்டவணைகளை ஒப்பிட்டு 2004 இல் வெளியிட்ட ஆய்வில், புரதம், சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, விற்றமின் சி முதலிய ஆறு சத்துகள் பொதுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினர். பெரிதாகவும் விரைவாகவும் வளர்வது நீரால் நிறைகிறது. சத்து அதே வேகத்திற் சேர்வதில்லை. ஆகவே பாட்டியின் முறைப்பாடு வெறும் மயக்கமன்று.

பழுத்தலும் பழுக்க வைத்தலும்

பழுக்க வைப்பதெல்லாம் தீது எனக் கொள்வதும் தவறு. யாழ்ப்பாணத்தில் வாழைக்குலைகளைக் குழியிலிட்டுப் புகையூட்டிப் பழுக்க வைத்தது பழைய வழக்கம். அப்புகையிலுள்ள எதிலீன் என்னும் வாயுவே பழத்தைக் கனிவித்தது. பழமும் தானே அவ்வாயுவை உண்டாக்குகிறது. மாவும் வாழையும் நன்கு முற்றிய பின் பறித்தால் வைக்கோலுக்குள்ளும் இனிதே கனியும். தீங்கு எங்கே எனில், முற்றாத பிஞ்சைப் பறித்து மேற்றோலை மட்டும் மஞ்சளாக்குவதில். அதற்கெனப் பயன்படுத்தப்படும் கல்சியம் காபைட்டு உடலுக்கும் கேடானது. இந்தியாவில் அது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அன்னாசியும் திராட்சையும் தோடையுமோ பறித்த பின் இனிமையிற் கூடுவதேயில்லை. பறிக்கும்போது எவ்வளவு இனிமையோ அவ்வளவே.

குளிர்ப்பெட்டியும் ஒரு குற்றவாளி. தக்காளியை ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் கீழ் வைத்தால் அதன் மணப் பொருள்கள் குன்றுகின்றன. ஒரு வாரம் 5 பாகைக் குளிரில் இருந்த தக்காளி, வெளியே எடுத்த பின்னரும் இழந்த மணத்தை முற்றாக மீளப் பெறவில்லை என 2016 ஆம் ஆண்டு ஆய்வொன்று கூறுகிறது. மாம்பழத்துக்கும் வாழைப்பழத்துக்கும் குளிர் ஆகாது. தோட்டத்திலும் லொறியிலும் தப்பிவந்த சுவையை நாமே நம் அடுக்களையிற் கொன்றுவிடுகிறோம்.

இழப்பது எதனை?

இக்காலத்துக்கும் நியாயம் வழங்கவேண்டும். வறண்ட வலயத்தில் விளையும் டி.ஜே.சி. மாம்பழம் பெரியது, நாரற்றது, இனியது. பண்டைக்காலத்து ஏழைக்குப் பருவமல்லாத காலத்தில் தக்காளியே கிடையாது. மலிவும் மிகுதியும் இகழத்தக்கனவல்ல.

ஆயினும் இழப்பு நாவோடு நிற்பதன்று. வாங்குவோர் இல்லாத இனத்தை விவசாயி எத்தனை காலம் வளர்ப்பான்? ஓரினத்தின் கடைசி மரம் விறகாகிவிட்டால் அதனைப் பணங்கொடுத்தும் மீட்கமுடியாது. வெள்ளவத்தையில் மாவும் முருங்கையும் நின்ற வளவுகளில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அங்கு வளரும் பிள்ளைக்குப் பழம் என்பது கடையில் ஒட்டுத்தாளுடன் கிடைக்கும் ஒரு பொருள். மணமற்ற தக்காளியையே தக்காளி என அறிந்தவன் நாளை நல்லதைக் கேட்கப் போவதில்லை. கேட்பவர் இல்லாத பொருளை ஒருவரும் விளைவிக்கப் போவதுமில்லை.

நாம் செய்யக்கூடியவை எளியனவே. பருவத்துப் பழத்தைப் பருவத்தில் வாங்குவோம். ‘கிலோ என்ன விலை?’ என்பதற்கு முன்னர் ‘இது என்ன இனம், எந்த ஊர்?’ என்று கேட்போம். தோலின் புள்ளியை மன்னித்து, காம்படியை மணந்து பார்ப்போம். சிறிது சிறிதாக வாங்கி, தக்காளியைக் குளிர்ப்பெட்டிக்கு வெளியே வைப்போம். மாடிமுகப்பில் இரண்டு சட்டி இருந்தால் ஒன்றில் தக்காளியும் மற்றொன்றில் கறிவேப்பிலையும் வளரும். யாவற்றுக்கும் மேலாக, சந்தைக்குச் செல்லும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்வோம். கதலி எது, இதரை எது, கோழிக்கூட்டு எது என்று கண்ணை மூடிச் சுவைத்துச் சொல்லக் கற்ற பிள்ளை, வளர்ந்தபின் எந்தக் கடைக்காரரிடமும் நல்லதைக் கேட்டு வாங்கும். அந்தக் கேள்வி சந்தையிலிருந்து தோட்டம்வரை சென்று சேரும்.