சீட்டை எறிந்தவன்

என் வீட்டு வரவேற்பறை ஷோகேஸில் இருக்கும் புதைபடிவங்களில் பெரும்பாலானவை எந்த ஊரில் கிடைத்தவை என்று இன்று எனக்குத் தெரியாது. அவை என் கைக்கு வந்தபோது ஒவ்வொன்றுக்கும் ஊர் இருந்தது, ஓடை இருந்தது, எடுத்த தேதி இருந்தது. அந்த விவரங்களை அழித்தவன் நான். அதன் பிறகு, அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் செய்தேன். இரண்டையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

கிரெட்டேசியக் காலத்தில் இன்றைய அரியலூர், பெரம்பலூர் நிலத்தின் மேல் கடல் ஏறியும் இறங்கியும் இருந்தது. காரையின் களிமண் மேடுகள், கருடமங்கலத்துக் கிளிஞ்சல் பாறை, கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் எல்லாம் அந்தக் கடல் விட்டுச்சென்ற படிவுகள். சிமெண்ட் ஆலைகள் அங்கே வரிசையாக எழுந்ததும் அந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். மழை பெய்து ஓய்ந்த பிறகு காரைப் பக்கம் நடந்தால், அரிப்பில் கழுவப்பட்டு மேலே வந்த சின்னச் சின்னப் படிவங்கள் காலடியில் கிடக்கும்: தோட்டா வடிவத்தில் பெலம்னைட், சுருண்ட அம்மோனைட், சுருள் சுருளாகப் புழுக் கூடுகள், எப்போதாவது ஒரு சுறாப் பல்.

அந்த மண்ணை எனக்குக் காட்டியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். ஊரில் எல்லோருக்கும் அவர் வாத்தியார். விடுமுறை நாட்களில் சைக்கிளில் போய்ப் பொறுக்கியவற்றைத் தீப்பெட்டிகளிலும் பழைய டப்பாக்களிலும் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு. ஊர், எந்த ஓடையின் எந்தக் கரை, தரையில் உதிர்ந்து கிடந்ததா அல்லது பாறையில் பதிந்திருந்ததா, தேதி. சாத்தனூர் கல்மரப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து ஒரு சில்லைக்கூட அவர் எடுத்ததில்லை. தள்ளாமை வந்த பிறகு, பிள்ளைகளுக்கு இதில் நாட்டமில்லை என்று சொல்லி எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, கல்லத் தொலைச்சாலும் பரவால்ல, சீட்டத் தொலைச்சிடாத."

நான் கல்லை வைத்துக்கொண்டு சீட்டை எறிந்தேன்.

புது வீடு கட்டி, வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி செய்து, உள்ளே விளக்கும் பொருத்தியிருந்த சமயம் அது. அழுக்கேறிய தீப்பெட்டிகளும் மஞ்சள் பூத்த காகிதங்களும் அந்த அழகுக்குக் குறையாகத் தெரிந்தன. படிவங்களை எல்லாம் ஒரே வாளியில் கொட்டி ஊறவைத்தேன். இடுக்குகளில் ஒட்டியிருந்த மண்ணைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். போகாத கறைக்கு வினிகர் ஊற்றினேன். கால்சைட்டால் ஆன ஓடுகளை அமிலம் தின்னும் என்பது பள்ளிக்கூட வேதியியல், எனக்கும் தெரிந்ததுதான். நுரை பொங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓட்டின் மேலிருந்த நுண்வரிகள் மழுங்கின. அதன் மேல் பளபளப்புக்காக வார்னிஷ் பூசினேன். பிறகு சிறியதிலிருந்து பெரியதாக, நிறத்துக்கு நிறம் பொருந்த அடுக்கினேன். சீட்டுகள் பழைய பேப்பரோடு போயின.

அவசரத்தில் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வாத்தியாரின் சொல் காதில் இருந்தது. வருகிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்ற ஆசை அந்தச் சொல்லைவிடப் பெரிதாக இருந்தது.

அந்தச் சீட்டுகளின் மதிப்பை இந்த நிலத்தின் ஆய்வு வரலாற்றைப் படித்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன். தென்னிந்தியாவின் கிரெட்டேசியப் படிவங்களைப் பற்றி எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் எழுதினார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியின் பாறை அடுக்குகளைப் பிரித்து வரைபடமாக்கினார். அதே துறையின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860களிலும் 1870களின் தொடக்கத்திலும் இங்குள்ள படிவங்களைப் படங்களோடு பெரும் தொகுதிகளாக விவரித்தார். அவற்றில் ஊட்டத்தூர், ஒதியம், அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்கள் வருகின்றன. எழுத்துக்கூட்டல் சிதைந்திருந்தாலும் ஊர் சிதையவில்லை. அதனால்தான் ஃப்ரான்ஸ் கோஸ்மாட் 1895 முதல் 1898 வரை தென்னிந்திய அம்மோனைட்டுகளைப் பற்றி வியன்னாவில் ஆராய்ந்து எழுத முடிந்தது. இன்றைய ஆய்வாளரும் அந்த ஊர்களுக்குப் போய் அதே அடுக்கில் நின்று சரிபார்க்க முடிகிறது. 150 ஆண்டு தாண்டியும் அந்தச் சேகரிப்புக்கு உயிர் இருப்பது ஊர்ப் பெயரால்.

காரைக் களிமண் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழையது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 7 கோடி. இரண்டும் ஒரே பகுதியில் இருந்தாலும் இடையில் சுமார் 3 கோடி ஆண்டுகள் கிடக்கின்றன. ஊர் தெரிந்தால் அடுக்கு தெரியும், அடுக்கு தெரிந்தால் காலம் தெரியும். என் வாளியில் அந்தக் காலங்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்துபோயின.

இன்னொரு வழியும் இருந்தது. படிவத்தின் குழிகளில் ஒட்டியிருக்கும் மண்ணில் ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணிய கடல் உயிர்களின் ஓடுகள் இருக்கக்கூடும். நுண்ணோக்கியில் வைத்து எந்த இனம் என்று பார்த்தால், சீட்டு போனாலும் காலத்தை ஓரளவு மீட்கலாம். அந்த மண்ணைத்தான் நான் பிரஷ் போட்டுத் தேய்த்துச் சாக்கடையில் விட்டிருந்தேன்.

இப்போது இரண்டாவது தவறு. நிலவியல் படிக்கும் மாணவி ஒருத்தி, தெரிந்தவர் சொல்லி, சேகரிப்பைப் பார்க்க வந்தாள். அளவுகோலை வைத்துப் படம் எடுத்தாள். லென்ஸில் பார்த்துக் குறிப்பு எழுதினாள். தடித்த ஓடும் நன்றாகப் புடைத்த ஒரு பக்கமும் கொண்ட சிப்பி ஒன்றைக் கையில் எடுத்து, "இது எங்க கிடைச்சது சார்?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "காரைல" என்றேன். அவள் தயங்கினாள். "காரைலயா சார்? கல்லங்குறிச்சி இல்லையா?" என்று மறுபடி கேட்டாள். "இல்லம்மா, காரைதான். நானே எடுத்தேன்" என்றேன்.

எடுத்தது வாத்தியார். ஊர் எனக்குத் தெரியாது. அந்த வகைச் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடப்பது கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில். அவளுடைய சந்தேகம் நியாயமானது. ஆனாலும் வயதில் மூத்தவன் அடித்துச் சொல்கிறானே என்று, தன் கண்ணை நம்பாமல் என் சொல்லை நம்பி, நோட்டில் காரை என்று எழுதிக்கொண்டாள்.

அவளுடைய கைபேசி எண் என்னிடம் இருந்தது. அன்றிரவே கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். நாளைக்கு என்றேன், பிறகு என்றேன். நாள் ஆக ஆக வெட்கம் கனத்தது. ஒருவழியாகத் துணிந்து கூப்பிட்டபோது அந்த எண் வேறு யாரிடமோ போயிருந்தது. அந்தப் பொய் எந்த ஆய்வேட்டில் எந்த அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறதோ, அதைத் துடைக்க என்னால் முடியவில்லை. சீட்டை எறிந்ததால் என்னிடம் இருந்த அறிவு போயிற்று. பொய் சொன்னதால் இன்னொருவரின் அறிவிலும் கறை படிந்தது. இரண்டாவதை நான் இன்னும் மன்னித்துக்கொள்ளவில்லை.

இன்று அலமாரியை மாற்றிவிட்டேன். ஒவ்வொரு படிவத்துக்கும் தனி அட்டைப் பெட்டி, அடியில் மெல்லிய ஃபோம். சுறாப் பல் போன்ற கூர்மையானவற்றைப் பஞ்சில் வைப்பதில்லை. இழை மாட்டி முனை உடையும். படிவத்தின் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் சிறு வெள்ளைப் பூச்சு, அதன் மேல் கறுப்பு மையில் ஓர் எண். அதே எண் சீட்டிலும் பதிவேட்டிலும். பெட்டி கவிழ்ந்து கலந்தாலும் எண் காட்டிக்கொடுக்கும். ஊர் உறுதியாக நினைவிருக்கும் மிகச் சிலவற்றை மேல் தட்டில் வைத்திருக்கிறேன். மற்றவை கீழ்த் தட்டில், "கிடைத்த இடம் தெரியாது" என்ற சீட்டோடு. அந்தச் சிப்பியும் அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால் நடந்ததைச் சொல்கிறேன். வாத்தியாரிடம் சொல்லத்தான் வாய்க்கவில்லை. நான் துணிவதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

அன்று என் வீட்டுக்கு வந்த அந்தப் பெண் இதைப் படிக்க நேர்ந்தால்: அம்மா, உன் சந்தேகம்தான் சரி. அந்தச் சிப்பிக்கு எதிரே நீ எழுதிய காரை என்ற பெயரை அடித்துவிடு. என்னை மன்னித்துவிடு.

வீட்டில் நாலு படிவங்கள் வைத்திருக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். அலமாரியின் விளக்கையும் கண்ணாடியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த ஊரில், எந்த ஓடையில், எந்த நாளில் எடுத்தீர்கள் என்பதை நினைவு இருக்கும்போதே, இன்றைக்கே எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அவற்றை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். ஆள் இல்லையென்றால், சீட்டோடு சேர்த்து ஓர் அருங்காட்சியகத்திடமோ கல்லூரியிடமோ கொடுத்துவிடுங்கள். ஊர் தெரியாத கல்லுக்கு ஊர் தெரியாது என்றே எழுதுங்கள். யூகத்தை எழுதாதீர்கள்.