பாட்டியும் கடற்பாசியும்

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு முகம் இரண்டாம் பட்சம். எனக்கு அதைச் சின்ன வயதிலேயே புரிய வைத்தவர் என் பாட்டி. ஜார்ஜ்டவுன் சந்தையில் கடைக்காரர்கள் அவரைப் பார்த்ததும் ஹொக்கியனில் பேசுவார்கள். பாட்டி மலாயில் பேரம் பேசிவிட்டு, என்னிடம் தமிழில், "விலை ரொம்பச் சொல்றான்" என்பார். கைக்குழந்தையாகச் சீனக் குடும்பத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்குத் தத்து வந்தவர் அவர்.

போன தீபாவளிக்குப் பாட்டி அகார் அகார் வெட்டிக்கொண்டிருந்தார். மாமா மகன் சொன்னான்: "பாட்டி, கொஞ்சம் எச்சில் எடுத்து அனுப்பினால் போதும். மரபணுவை வைத்து உங்கள் சொந்தக்காரர்களைத் தேடிப் பார்க்கலாம்." பாட்டி பதில் பேசவில்லை. வேண்டாம் என்கிறார் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

அந்த வாரம் என் நிகழ்ச்சிக்குக் கடற்பாசி பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அகார் அகார் கிடைப்பது சிவப்புப் பாசியிலிருந்து. பாசிகளை உருவத்தை வைத்துப் பிரிப்பது சிரமம். அலை, வெளிச்சத்துக்கு ஏற்ப ஒரே இனம் வெவ்வேறு வடிவில் வளரும். சில சமயம் வெவ்வேறு இனங்கள் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் இப்போது மரபணுவைப் படிக்கிறார்கள். இரண்டு பாசிகளின் மரபணு எழுத்துகள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அவ்வளவு முன்பே அவை பிரிந்திருக்கும் என்பது பொதுக் கணக்கு. பச்சைப் பாசி நம் வீட்டுக் கறிவேப்பிலைக்கு உறவு. பழுப்புப் பாசியோ பச்சை, சிவப்பு இரண்டுக்குமே தூரம். அதன் உறவு டயட்டம் என்ற நுண்பாசிகளோடு.

நம் நாட்டிலேயே ஒரு கதை உண்டு. சபாவின் செம்போர்னா கடலில் கயிறு கட்டிப் பாசி வளர்க்கிறார்கள். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் கராகீனன் அதிலிருந்து வருகிறது. அங்கே வளர்ப்பவர்கள் 'அரிங் அரிங்' என்று அழைத்த ஒரு வகை, பார்க்க வழக்கமான வளர்ப்புப் பாசி போலவே இருந்தது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்தபோது அது தனி இனம் என்று தெரிந்தது. 2014இல் 'கப்பாபைக்கஸ் மலேசியானஸ்' என்று பெயரிட்டார்கள். பாசியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் மறுபடியும் நடுகிறார்கள். கையில் இருப்பது எந்த இனம் என்று தெரிந்தால்தானே நல்ல நாற்றைத் தேர்ந்தெடுக்க முடியும்!

நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்தேன். பாட்டி கேட்டிருக்கிறார்.

"அந்தப் பாசிக்குப் புதுப் பேரு வச்சாங்களே, பழைய பேரு போயிடுச்சா?"

"இல்ல பாட்டி. அது ஆய்வுக்கான பேரு. 'அரிங் அரிங்'னு கூப்பிட்டா யாரு தடுக்கப் போறா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எனக்கு ஒரு அக்கா இருந்ததா எங்கம்மா சொல்வாங்க. அதைத் தேடிக் கேட்டா, எங்கம்மாவை வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடுமோன்னுதான் சும்மா இருந்தேன்."

எழுபது வருடங்களுக்கு மேலாக இதை மனத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார். எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

போன வாரம் மாதிரியை அனுப்பினோம். முடிவு இன்னும் வரவில்லை. படிவத்தில் கையொப்பம் கேட்ட இடத்தில், பாட்டி தம் பெயரை நிதானமாகத் தமிழில் எழுதினார்.