பொய்யாக அலறிய மணி

சென்ற ஐப்பசி மழையில் ஓரிரவு, ஹல்துமுல்லையிலுள்ள எங்கள் வீட்டில் நான்கு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் அலறல் எழுந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டைக் கட்டிய தம்பி, மின்கம்பியால் ஒன்றோடொன்று இணைத்த நான்கு புகை உணர்கருவிகளைச் சீலிங்கில் பொருத்திவிட்டுப் போயிருந்தான். ஒன்று புகையை உணர்ந்தால் நான்கும் அலறும். எந்த அறையில் உறங்குபவரும் விழித்துக்கொள்வார். எழுந்து வீடு முழுவதும் தேடினேன். நெருப்பில்லை, புகையில்லை. யன்னல் இடுக்கு வழியே பனிமூட்டம் மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தது.

அடுத்த இரவும் அதே கதை. மூன்றாம் இரவு பொறுமையிழந்தேன். மின்சாரத்தைத் துண்டித்து, உள்ளிருந்த பற்றரிகளையும் கழற்றி வைத்தேன். பின்னர் நிம்மதியாக உறங்கினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பண்டாரவளையிலிருந்து மின்வேலை தெரிந்த இளைஞர் ஒருவர் வந்தார். "கத்துறது நாலுங்க ஐயா, தொடங்கி வைக்கிறது ஒண்ணுதான்" என்றார். எங்களிடமிருந்த வகையில், முதலில் உணர்ந்த கருவியின் சிவப்பு விளக்கு மட்டும் வேகமாகச் சிமிட்டும். அதைக்கொண்டு, யன்னலோரக் கருவியே குற்றவாளி எனக் கண்டுபிடித்தார். கழற்றிப் பார்த்தால், பின்புறத்தில் தயாரித்த ஆண்டு 2009. இவற்றின் ஆயுள் சுமார் 10 ஆண்டுகள். உள்ளே செல்லும் ஒளியைப் புகைத்துகள் சிதறடிப்பதைக் கொண்டே கருவி புகையை அறிகிறது. பனித்துளியும் தூசியும் சிறுபூச்சியும் ஒளியை அவ்வாறே சிதறடிக்கும். நான்கும் ஒரே வயதினவாதலால் நான்கையும் மாற்றினோம். ஒன்றோடொன்று பேசவேண்டும் என்பதால் ஒரே நிறுவனத்தின் கருவிகளையே வாங்கினோம். யன்னலோரத்தில் இருந்ததைச் சற்றுத் தள்ளிப் பொருத்தினார்.

அவர் போனபின், என் பழைய கட்டுரை ஒன்றைத் தேடியெடுத்தேன்.

இதே ஹல்துமுல்லைப் பிரதேச செயலாளர் பிரிவில், கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பிவந்தபோது பெற்றோர் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் எச்சரித்திருந்தது. "எச்சரித்தும் ஏன் போகவில்லை?" என்று அம்மக்களைப் பார்த்தே கேட்டிருந்தேன். அப்போது அது துணிச்சலான கேள்வியாக எனக்குத் தோன்றியது.

மலையகத்தில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு. 100 என்றால் எச்சரிக்கை. 150 என்றால் வெளியேற வேண்டும். மழைமானி மழையைச் சரியாக அளந்துவிடும். நாளை எங்கே உறங்குவது என்பதை யார் சொல்வது? நிலமும் வீடும் தோட்டத்துக்கே சொந்தம். பெயரோ செக்றோலில் இருக்கிறது. போனால் வேலை என்னாகும்? எச்சரிக்கை வந்த எத்தனையோ மழைகளில் மலை அசையாமல் நின்றதையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். அவர்களுக்கென மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். மலை சரிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்.

மூன்றே மூன்று பொய் அலறல்களுக்குப் பொறுக்காமல் பற்றரியைக் கழற்றியவன் நான். எனக்குப் போக இடமிருந்தது. புதிய கருவி வாங்கப் பணமும் இருந்தது.

இன்றும் லயன்களில் மின்னொழுக்கால் ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ, பொதுக்கூரையின் அடியால் அடுத்தடுத்த காம்பராக்களுக்கு ஓடுகிறது. மலைப்பாதையில் தீயணைப்பு வண்டி ஏறிவருவதற்குள் வரிசையே சாம்பலாகிவிடலாம். அந்தக் கூரைகளின் கீழ் அலறுவதற்கு எதுவுமில்லை.

புதிய கருவிகளின் விளிம்பில், மாற்றவேண்டிய ஆண்டை எழுதிவைத்தேன். பழைய கட்டுரையின் ஓரத்தில் திகதியிட்டு, "கேள்வி தவறான ஆட்களிடம் கேட்கப்பட்டது" என்றும் எழுதினேன்.